பாப்பாவுக்கு, செம்பூரிலிருந்து

அன்புள்ள பாப்பா,

நீ போனை எடுக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு எழுதுவதாக நினைக்காதே. வாட்ஸ்அப்பில் நீளமாகப் போட்டால் பாதியில் விட்டுவிடுவாய் என்று அம்மா சொன்னாள், அதனால்தான் மெயில். வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இந்த மழைக்கு அந்த அறைச் சுவரில் ஓதம் ஏறியிருக்குமே, கட்டிலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள். நீ எடுத்த கிணற்றுப் படத்துக்கு எந்த விழாவிலிருந்தும் பதில் வரவில்லை என்று தம்பியிடம் சொன்னாயாம். எங்களிடம் சொல்லவில்லை, சரி, பரவாயில்லை. நான் அதைக் கேட்கப்போவதில்லை.

நேற்று ராத்திரி ஆரத்தி கடவ் இயக்கிய 'கார்கோ' இந்திப் படத்தை மறுபடி பார்த்தேன். நீ வேலையை விடுகிறேன் என்று வந்து நின்றபோது அவர் பெயரைச் சொல்லித்தானே எங்கள் வாயை அடைத்தாய், ஐஐடி கான்பூரில் படித்து மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்த பெண் எல்லாவற்றையும் விட்டுவிட்டு சினிமாவுக்கு வரவில்லையா அப்பா என்று. அன்றைக்கு உனக்காகப் பார்த்தேன். நேற்று எனக்காகவே பார்த்தேன், தூக்கமும் வரவில்லை.

வாடிபந்தர் ரயில்வே கூட்ஸ் ஆபீஸில் காலம் முழுக்க ரிஜிஸ்டரோடு உட்கார்ந்திருந்தவனுக்கு அந்தப் படம் வேறு மாதிரிதான் தெரியும். செத்தவர்கள் ஒவ்வொருவராக புஷ்பக் 634ஏ விண்கலத்துக்கு வந்து சேருகிறார்கள். பையில் இருப்பதை வாங்கி வைத்துக்கொண்டு, உடம்பைச் சரிசெய்து, நினைவை அழித்து, அடுத்த பிறவிக்கு அனுப்ப வேண்டும். இந்த வேலையைப் பார்க்கிற ராட்சசனுக்குப் பெயர் பிரகஸ்தன். ராமாயணத்தில் இராவணனின் படைத்தலைவனாக இருந்தவன் பெயர், இங்கே நம் ஆபீஸ் ஆள் மாதிரி முகத்தில் ஒன்றும் காட்டாமல் வேலையைப் பார்க்கிறான். கையில் காசு இல்லாமல் எடுத்த படம் என்பது செட்டைப் பார்த்தாலே தெரிகிறது, ஆனால் அந்த இல்லாமையையே கதைக்குப் பொருத்திவிட்டார்கள். அதனால்தான் விண்கலமே அரசாங்க ஆபீஸ் மாதிரி பழசாக இருப்பது உறுத்தவில்லை. செத்துப்போன ஒருவரின் கைப்பொருளை எடுத்து வைக்கும் இடத்தில் யாரும் அழுவதில்லை, எனக்குத்தான் தாங்கவில்லை. உரிமை கோர ஆள் வராத பார்சல்களை எத்தனை பார்த்திருக்கிறேன்.

ஆனால் நேற்று என்னைத் தூங்கவிடாதது அதுவல்ல. அந்தப் பிரகஸ்தன் எத்தனையோ வருடமாக அங்கே ஒற்றையாக இருக்கிறான். உதவிக்கு யுவிஷ்கா என்று ஒரு பெண்ணை அனுப்பினால் அதுவும் அவனுக்குப் பிடிக்கவில்லை. தனியாக இருந்து பழகிவிட்டால் பக்கத்தில் ஒருவர் நிற்பதே தொந்தரவாகிவிடும் போலிருக்கிறது. விக்ராந்த் மாஸி அதை எவ்வளவு அடக்கமாகச் செய்திருக்கிறார்! பின்னால் '12த் ஃபெயில்' படத்துக்கு அவருக்குத் தேசிய விருது வந்தபோது நான் முதலில் நினைத்தது இந்தப் படத்தைத்தான்.

நீ நன்றாகச் சாப்பிடு. ஜன்னலைத் திறந்து வை. யாராவது கூப்பிட்டால் எடு.

உனக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். 'கார்கோ' 2019-இல் மும்பை மாமி (MAMI) திரைப்பட விழாவில் காட்டினார்கள். 2020 மார்ச்சில் அமெரிக்காவில் ஆஸ்டின் நகரத்து சவுத் பை சவுத்வெஸ்ட் விழாவுக்குத் தேர்வாகியிருந்தது, கொரோனா வந்து விழாவையே ரத்து செய்துவிட்டார்கள். எவ்வளவு பெரிய அடி, யோசித்துப் பார். தியேட்டருக்கும் போக முடியாமல் செப்டம்பரில் நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. கற்பனை புதிதாக இருக்கிறது என்று பாராட்டினார்கள், மெதுவாகப் போகிறது, மனதைத் தொடவில்லை என்றும் சொன்னார்கள். மெதுவாகப் போவது உண்மைதான், நடுவில் தொய்கிறது. மனதைத் தொடவில்லை என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அதோடு அந்தப் பெண் நின்றுவிட்டாரா? ஊரடங்கிலேயே நடிகர்களை அவரவர் வீட்டில் இருக்கவைத்து ஒரு குறும்படம் எடுத்தார். அப்புறம் 'மிஸஸ்', அந்த மலையாள சமையலறைப் படத்தின் இந்தி வடிவம். 2023-இல் எஸ்தோனியாவில் தாலின் விழாவில் காட்டிய படம் ஜீ5-இல் வர 2025 பிப்ரவரி ஆகிவிட்டது. வந்த பிறகு நம் பில்டிங்கில் அதைப் பற்றிப் பேசாத பெண்கள் இல்லை. லிஃப்டில் என் மகளும் இந்த மாதிரிப் படம்தான் எடுக்கிறாள் என்று சொன்னேன். சும்மா சொல்லவில்லை, பெருமையாகவே சொன்னேன். அவர்கள் எப்போது வரும் என்று கேட்டார்கள், சீக்கிரம் வரும் என்றேன்.

அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிற அப்பாவுக்கு ஒரு வரி பதில் போடக்கூடவா உனக்கு நேரமில்லை? சின்ன வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொல்லித் தீர்ப்பாயே.

இன்னொன்று. ஆரத்தி கடவ் தனியாகப் படம் எடுக்கவில்லை பாப்பா. தயாரிப்பில் அனுராக் காஷ்யப்பும் இன்னும் சிலரும் தோள் கொடுத்தார்கள், சின்ன வேடமானாலும் கொங்கணா சென் ஷர்மா வந்து நடித்துக் கொடுத்தார். உன் படம் நன்றாக இல்லை என்று நான் சொல்லவே இல்லை, கிணற்றுக்குள் அந்தப் பாட்டி விளக்கோடு இறங்குகிற இடத்தை அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். விழாக்காரர்கள் சொல்லும்போது சொல்லட்டும், வேறு விழாவுக்கும் அனுப்பு. கூட இருந்து எடிட்டிங்கில் உதவினவர்களை மட்டும் விட்டுவிடாதே. சின்னச் சண்டை எதுவாக இருந்தாலும் பேசித் தீர்த்துக்கொள், பெரிய சண்டையாக இருந்தால் எங்களிடம் சொல். நாக்பூர்க்காரர்கள் தீபாவளிக்கு இனிப்பு அனுப்புவார்கள், இந்தத் தடவை வரவில்லை. அம்மா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பணம் வேண்டுமானால் தம்பி மூலமாகச் சொல்லாதே, என்னிடமே சொல். பீரோ விஷயம் முடிந்துபோனது, அதை மனதில் வைத்துக்கொண்டு கேட்காமல் இருக்காதே. இங்கே எல்லாரும் நலம். மாட்டுங்கா சித்தப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகிவிட்டது. வேறு செய்தி ஒன்றும் இல்லை, அப்படியே இருந்தாலும் எழுதத் தோன்றவில்லை. நீ சாப்பிட்டாயா என்பதே ஓடிக்கொண்டிருக்கிறது.

சனிக்கிழமை அம்மா வெர்சோவா வருகிறாள். வேண்டாம் என்று சொல்லாதே. வத்தக்குழம்பும் உருளைக்கிழங்கு ரோஸ்ட்டும் செய்து எடுத்து வருவாள். ஒருவருக்கா இரண்டு பேருக்கா என்று கேட்கச் சொன்னாள், அதையாவது எழுது.

அப்பா