ஐந்துக்கு ஐந்து மீட்டர்: பயிர்க் காப்பீட்டை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மாநில வேளாண் துறை, பொருளியல் புள்ளியியல் துறை அதிகாரிகளுக்கும் பயிர்க் காப்பீட்டு நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

சம்பா அறுவடை தொடங்கியதும் காப்பீட்டுக்கு அறிவிக்கப்பட்ட ஒவ்வொரு கிராமத்திலும் நான்கு வயல்களில் அறுவடைப் பரிசோதனைக்காகக் கயிறு பிடிக்கிறீர்கள். ஐந்து மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம். அந்த நான்கு சதுரங்களில் அடித்தெடுத்த நெல்லின் எடையை வைத்துத்தான் ஊரில் பிரீமியம் கட்டிய அத்தனை பேருக்கும் இழப்பீடு உண்டா, இல்லையா என்பது முடிவாகிறது. அந்தச் சதுரத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

“முழுகினது என் வயல். ஊர்க் கணக்கு எதுக்குப் பாக்குறீங்க?” டெல்டாவில் ஆண்டுதோறும் எழும் கேள்வி இது. பதில் 1972-73இல் இருக்கிறது. பொதுக் காப்பீடு அரசுடைமையான அந்தச் சமயத்தில், குஜராத்தில் ஹெச்-4 என்ற பருத்தி ரகத்துக்குத் தனித்தனி விவசாயி அடிப்படையில் காப்பீடு கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு நிலக்கடலை, கோதுமை, உருளைக்கிழங்கு என்று தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களுக்கும் அது விரிந்தது. 1978-79 வரை சேர்ந்தவர்கள் 3,110 பேர். வசூலான பிரீமியம் 4.54 லட்சம் ரூபாய். கொடுத்த இழப்பீடு 37.88 லட்சம். ஆபத்து அதிகமுள்ள வயல்காரர்தான் இப்படிப்பட்ட திட்டத்தில் முதலில் சேருவார். தனி வயலுக்கு முந்தைய ஆண்டுகளின் விளைச்சல் பதிவு கிடையாது. ஒவ்வொரு வயலாகப் போய்ப் பார்க்கும் செலவு பிரீமியத்தையே விழுங்கிவிடும்.

அதனால்தான் பேராசிரியர் வி.எம். தண்டேகர் சொன்ன பரப்பளவு முறைக்கு, அதாவது வட்டாரம் முழுவதற்கும் ஒரே மகசூல் கணக்கு என்ற முறைக்கு, 1979இல் மாறினார்கள். மைசூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த ஜே.எஸ். சக்ரவர்த்தி 1920லேயே வயலை அளக்காமல் வட்டார மழையளவை வைத்து இழப்பீடு தரலாம் என்று எழுதியிருந்தார். வேர் அங்கேயே இருக்கிறது. 1985, 1999, 2016 என்று திட்டத்தின் பெயரும் பிரீமியமும் மாறினாலும் அடிப்படை மாறவில்லை.

தனி வயல் கணக்குக்குத் திரும்புங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை, அது தாங்காது. ஆனால் தன் வயலைக் காட்டி நியாயம் கேட்கும் உரிமையை விவசாயி விட்டுக்கொடுத்திருக்கிறார். பதிலுக்கு, ஊர் மகசூலை எல்லோரும் பார்க்கும்படி பிழையில்லாமல் அளந்து தரவேண்டிய கடமை உங்களுடையது.

இருபத்தைந்து சதுர மீட்டரில் கிடைத்த எடையை 400ஆல் பெருக்கினால் ஒரு ஹெக்டேர் மகசூல். சதுரத்தில் அரைக் கிலோ கூடினால் கணக்கில் ஹெக்டேருக்கு 200 கிலோ கூடும். ஏக்கருக்கு ஒரு மூட்டைக்கும் மேல். கயிறு தளர்ந்து பக்கத்துக்கு 20 சென்டிமீட்டர் கூடிப்போனால் பரப்பு 27.04 சதுர மீட்டர், அதாவது எட்டு சதவீதம் அதிகம். மூலைவிட்டம் 7.07 மீட்டர் இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பிடித்துப் பார்த்தால் சதுரம் கோணலா, நேரா என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஓரத்து நெற்குத்துகளில் வேர் உள்ளே இருப்பதை மட்டும் அறுக்க வேண்டும். கதிர் உள்ளே சாய்ந்திருக்கிறது என்று வெளிக்குத்தைச் சேர்க்கக் கூடாது. ஈரம் இன்னொரு பெரிய ஓட்டை. 22 சதவீத ஈரத்தில் நிறுத்த நெல் 14 சதவீதத்துக்குக் காய்ந்தால் எடை ஒன்பது சதவீதத்துக்கு மேல் குறையும். காய்ந்தால் குறையும் அளவைக் கழிக்காத எடை, இழப்பையே மறைத்துவிடும்.

அளந்த தேதியும் முக்கியம். 2021 ஜனவரியில் அறுவடை நேரத்தில் டெல்டாவில் கொட்டிய பருவம் தவறிய மழை நினைவிருக்கும். மழைக்கு முன்பே நான்கு சதுரமும் அறுத்து முடித்த ஊரில், பிறகு சாய்ந்து முளைத்துப்போன நெல் எந்தக் கணக்கிலும் வராது. அறுவடைக்குப் பிந்தைய 14 நாள் பாதுகாப்பு, அறுத்து வயலில் காயப்போட்ட பயிருக்குத்தான். இங்கே இயந்திரம் அறுத்து, நெல் நேராகக் கொள்முதல் நிலைய வாசலில் குவிகிறது. அங்கே நனைகிற குவியலுக்கு விதியில் இடமில்லை. கதிர்க்கட்டு காலத்துக்கு எழுதிய விதி இது. மாற்றியே ஆக வேண்டும்.

உத்தரவாத மகசூலிலும், அதாவது ஊர் மகசூல் எதற்குக் கீழே போனால் இழப்பீடு உண்டோ அந்த அளவிலும், ஒரு வேதனை இருக்கிறது. கடந்த ஏழு ஆண்டுகளில் நல்ல ஐந்தின் சராசரியை எடுத்து, அதில் 70, 80 அல்லது 90 சதவீதம் போடுகிறீர்கள். இரண்டு கெட்ட ஆண்டுகளை இந்த முறை தள்ளிவிடும். மூன்றாவது?

உதாரணத்துக்கு: ஹெக்டேருக்கு 5200, 5100, 5000, 4800, 3000, 2800, 2400 கிலோ விளைந்த ஊர். நல்ல ஐந்தின் சராசரி 4620; 80 சதவீதம் என்றால் 3696. இந்த ஆண்டு 3400 வந்தால் குறைவு எட்டு சதவீதம். ஏக்கருக்கு 36,000 ரூபாய் காப்பீட்டுத் தொகை, ஒன்றரை சதவீதப்படி 540 ரூபாய் பிரீமியம் என்று வைத்தால், கிடைப்பது சுமார் 2,880 ரூபாய். அந்த 3000 கிலோ ஆண்டில் வெள்ளம் வராமல் 5000 விளைந்திருந்தால் அதே இழப்புக்குச் சுமார் 5,520 கிடைத்திருக்கும். அடிக்கடி மூழ்கும் ஊருக்குத்தான் பாதுகாப்பு குறைகிறது.

ஊர்க் கணக்குக்கு வெளியே, சில சேதங்களுக்கு மட்டும் தனி வயலைப் பார்த்து இழப்பீடு தருவது உண்டு. அந்தப் பட்டியலிலிருந்து வயலில் நீர் தேங்கும் சேதம் 2018இல் நெல்லுக்கு நீக்கப்பட்டது. 2026 காரிஃப் (தென்மேற்குப் பருவமழைக் கால சாகுபடி) முதல் அதைத் தனி வயல் சேதமாக மீண்டும் சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது நல்ல செய்தி. ஆனால் 72 மணி நேரத்துக்குள் செயலியில் படத்தோடு புகார் பதிய வேண்டும். வெள்ளத்தில் முதலில் போவது மின்சாரம், அடுத்தது செல்போன் டவர். கிராம நிர்வாக அலுவலரோ வேளாண் உதவி அலுவலரோ ஊர் முழுவதற்கும் சேர்த்து எழுதித்தரும் பட்டியலையும் புகாராக ஏற்றுக்கொள்ளுங்கள்.

பதிவில் நேரும் பிழைகள் சின்னவை, விளைவு பெரிது. வடபாதி, தென்பாதி, முதல் சேத்தி, இரண்டாம் சேத்தி என்று ஒரே பெயரில் பிரிந்த கிராமங்களில் தவறான பெயரைச் சேவை மையத்தில் அழுத்திவிட்டால், பக்கத்து ஊர் மகசூல்தான் அவருக்குக் கணக்கு. ரசீதில் கிராமத்தின் பெயரைக் கொட்டை எழுத்தில் அச்சிடுங்கள். அதே ரசீதில் அந்த ஊரின் உத்தரவாத மகசூலும் இருக்கட்டும்.

அறுவடைப் பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பே புல எண்ணையும் தேதியையும் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டுங்கள். எடைபோட்ட அன்றே ஈர எடை, காய்ந்த மாதிரி வந்ததும் உலர் எடை, இரண்டையும் அதே பலகையில் எழுதுங்கள். எடைச் சீட்டில் வயல்காரரின் கையெழுத்தை வாங்கி, ஒரு நகலை அவர் கையிலேயே கொடுங்கள். வரும் சம்பாவுக்கே இதைத் தொடங்கலாம். புதிய சட்டமோ கூடுதல் நிதியோ தேவையில்லை.

இப்படிக்கு,
டெல்டாவில் பயிர்க் காப்பீட்டுப் பணியோடு தொடர்புடையவர்கள்