சுருதி இறங்கினால் பழுதா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நம் கடையில் வாங்கிய பழைய பியானோ ஒன்று வீட்டுக்குப் போன ஒரே மாதத்தில் சுருதி இறங்கிவிட்டதாம், பழுதான பொருளைத் தலையில் கட்டிவிட்டோமாம். இப்படி ஒரு பேச்சு பரவிக்கொண்டிருக்கிறது. உங்களில் சிலர் போன் செய்து நேரடியாகவே கேட்டீர்கள், அதற்கு நன்றி. கேட்காதவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

ஒரு அப்ரைட் (கம்பிகள் செங்குத்தாக நிற்கும்) பியானோவில் 88 கட்டைகளுக்கு ஏறக்குறைய 230 கம்பிகள் உண்டு. எல்லாம் சேர்ந்து இழுக்கும் இழுப்பு 15 டன்னுக்கும் மேல். அதை உள்ளே இருக்கும் இரும்புச் சட்டம் தாங்கிக்கொள்ளும். ஆனால் ஒலியைப் பெருக்கும் சவுண்ட்போர்டு மெல்லிய மரம். காற்றில் ஈரம் கூடினால் அது உப்பும், சுருதி ஏறும்; காற்று காய்ந்தால் இறங்கும். கடையில் இருந்த காற்று உங்கள் வீட்டில் இருக்காது. அதனால்தான் இறக்கிவைத்த அன்றே சுருதி சேர்க்க வேண்டாம், இரண்டு மூன்று வாரம் போகட்டும் என்று எல்லோரிடமும் சொல்கிறோம். அப்புறமும் வருடத்துக்கு ஒரு முறையாவது சேர்க்க வேண்டும். புது பியானோ வாங்கினாலும் இதே நிலைதான். புதுக் கம்பி நீண்டுகொடுக்கும் என்பதால் முதல் ஓரிரு வருடம் அதற்கு இன்னும் அடிக்கடி வேண்டியிருக்கும்.

பழுது என்பது வேறு. கம்பிகளை இறுக்கும் ஆணிகள் பின்பிளாக் என்ற கெட்டி மரத்தில் முறுக்கி இறக்கப்பட்டிருக்கின்றன. அந்த மரம் விரிசல் விட்டால் ஆணி பிடித்து நிற்காது, இன்று சேர்த்த சுருதி சில நாளில் கலைந்துவிடும். வித்தியாசத்தைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். காற்றால் இறங்கியது என்றால் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் கூட்டமாக இறங்கியிருக்கும். ஆணி தளர்ந்திருந்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கலைந்திருக்கும். மூன்று கம்பி உள்ள கட்டையில் மூன்றும் ஆளுக்கொரு பக்கம் போகும். ஆணிகளைத் திருகிப் பார்க்காமல் எந்தப் பியானோவையும் நாங்கள் விற்பதில்லை. பேச்சில் அடிபடும் அந்தப் பியானோவையும் அப்படிப் பார்த்துத்தான் கொடுத்தோம். இதைச் சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

எங்களிடம்தான் வாங்க வேண்டும் என்றில்லை. புதிதாகக் கற்கப் போகிறவர்கள் எங்கே பார்த்தாலும் ஒவ்வொரு கட்டையையும் மெதுவாக ஒரு முறை, ஓங்கி ஒரு முறை அழுத்திப் பாருங்கள். மேல்மூடியைத் திறந்து, கம்பியைத் தட்டும் சுத்தியல்களின் கம்பளித் துணியைப் பூச்சி அரித்திருக்கிறதா, ஆழமாகத் தடம் விழுந்திருக்கிறதா என்று கவனியுங்கள். உள்ளே வரிசை எண் இருக்கும். பெரிய கம்பெனிகளின் பியானோ என்றால் அதை வைத்தே செய்த வருடம் தெரிந்துவிடும். நடு ‘ஏ’ சுரம் 440 ஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 440 அதிர்வில், நிற்க வேண்டும். அரைச் சுரம் இறங்கிக் கிடக்கும் பழைய பியானோவை மேலே இழுத்தால் கம்பி அறுபடலாம். இலவசமாகத் தருகிறோம் என்று வரும் பியானோவுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். அதைத் தூக்கி வந்து சரிசெய்வதற்குள் நல்லதொன்றையே வாங்கியிருக்கலாம். சந்தேகம் இருந்தால் பணம் கொடுப்பதற்கு முன் சுருதி சேர்க்கும் ட்யூனர் ஒருவரைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள், அந்தச் செலவு வீண்போகாது.

இத்தனை பேச்சுக்கு நடுவிலும், தன் பிள்ளைக்கு வாங்கியது போதாதென்று நண்பர்களையும் அழைத்து வந்தவர்களை என்னால் மறக்க முடியாது. இந்தக் கடை ஓடுவது உங்களால்தான்.

நம் ட்யூனர் தனியாகத் தொழில் செய்யப் போய்விட்டார். ஏற்றி இறக்கும் கூலியும் கூடிவிட்டது. எனவே அடுத்த மாதம் முதல் வீட்டில் செய்யும் முதல் சுருதிச் சேர்ப்புக்குத் தனிக் கட்டணம் உண்டு. ஏற்கெனவே வாங்கியவர்களுக்குச் சொன்னபடி இலவசமாகவே செய்து தருவோம். சற்றுத் தாமதமாகலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். தேதி வேண்டுவோர் இரண்டு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
கடை உரிமையாளர்