பட்டாபியாக இருந்த ஆண்டுகள் வீண் இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிறு தங்கள் இணைப்பிதழில் நடிகர் எம்.எஸ். பாஸ்கரைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 'பார்க்கிங்' படத்துக்காகத் தேசிய விருது வாங்கியவருக்கு அரைப்பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் நடுவில் ஒரு வரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. டி.வி. தொடர்களில் பல ஆண்டுகளை வீணாக்கிய பிறகுதான் சினிமா அவரைக் கண்டுகொண்டது என்ற பொருளில் எழுதியிருந்தீர்கள். அந்த 'வீண்' என்ற சொல்லுக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் முத்தியால்பேட்டையில், வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவள். 26 வருஷம் ஆகிறது. எதிரே டி.வி. ஓடும், பார்ப்பது அபூர்வம். கண் ஊசியை விட்டு நகர்ந்தால் கழுத்து வளைவு கோணிக்கொள்ளும். அதனால் தொடர்களை எல்லாம் நான் காதால்தான் பார்த்தேன். மாமியார் கட்டிலில் உட்கார்ந்து, யார் வந்தார்கள், யார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

இப்படிக் கேட்டே பழகியவளுக்கு நடிப்பில் பொய் எது என்று சீக்கிரம் தெரிந்துவிடும். கண்ணீர் தெரியாது, கிளிசரின் தெரியாது, குரல் ஒன்றுதான். பல பேர் வசனத்தை ஒப்பிப்பார்கள். சன் டி.வி.யில் 'சின்ன பாப்பா பெரிய பாப்பா' ஓடிய நாட்களில் பட்டாபி, அதாவது பாஸ்கர், பேச ஆரம்பித்தால் மட்டும் என் கால் பெடலில் தானாக நின்றுவிடும். மிஷின் சத்தத்தில் ஒரு சொல் தப்பிவிடக் கூடாது என்றுதான். தீபாவளி அவசரத்திலும் நின்றிருக்கிறது. அளவு ஜாக்கெட்டோடு வாசலில் நிற்கும் பெண்களும் "இருங்கக்கா, பட்டாபி முடியட்டும்" என்பார்கள்.

அந்தக் குரல் அப்படி வாய்த்ததற்குக் காரணம் உண்டு. பாஸ்கர் டப்பிங் பேசி வந்தவர். இன்னொருவர் உதடு அசைவதற்குள் தன் மூச்சை அடக்கி, அவருடைய கோபத்தையும் அழுகையையும் பேசிக் கொடுக்கிற வேலை அது. அப்புறம் தொடர்கள். அங்கே ஒரு நாளில் காட்சி மேல் காட்சியாக எடுப்பார்கள். வசனத்தை மனப்பாடம் செய்ய நேரம் இருக்காது, பக்கத்திலிருந்து ஒருவர் எடுத்துக் கொடுப்பார், அதைக் காதில் வாங்கிய உடனே தன் பேச்சாக ஆக்க வேண்டும். வருஷக்கணக்கில் தினமும் இதைச் செய்தவருக்கு அது சாதகம் இல்லையா? பாட்டுக்காரர் விடிகாலையில் செய்யும் சாதகத்தை வீண் என்று யாரும் எழுதுவதில்லையே.

2007-இல் 'மொழி' படத்துக்கு வீட்டோடு போயிருந்தோம். கட்டுரை அதை ஒரே வரியில் தாண்டிவிட்டது. அதில் அவர் பேராசிரியர். மகன் இறந்த 1984-ஆம் ஆண்டோடு அவர் மனசு நின்றுபோயிருக்கும். எதிரில் வருபவரிடம் அந்த ஆண்டுச் செய்திகளையே இன்றைய செய்தியாகப் பேசுவார். முதல் தடவை அவர் வந்தபோது தியேட்டர் சிரித்தது. பட்டாபி வந்துவிட்டார், இனி தமாஷ்தான் என்று நாங்களும் சிரித்தோம். என்ன நடக்கிறது என்று புரிந்த பிறகு சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. மகன் இல்லை என்பதை அவர் ஒத்துக்கொண்டு அழும் இடத்தில் என் மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்த்தேன், பழக்கம். அதே குரல்தான். தினமும் எங்கள் முன்னறையில் சிரிக்க வைத்த தொண்டைதான் அப்படி உடைந்தது. வேறு யாராவது அந்த வேஷத்தில் வந்திருந்தால் நாங்கள் முதலில் சிரித்திருக்க மாட்டோம். சிரித்திருக்காவிட்டால் பிற்பாடு அப்படிக் கலங்கியிருக்கவும் மாட்டோம். டி.வி. தந்த அந்தப் பழக்கம்தான் படத்துக்கு அங்கே கைகொடுத்தது.

'பார்க்கிங்' 2023-இல் வந்தது. ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம், ஒரு கார் நிறுத்தும் இடம், அதற்கு ஒரு சண்டை. எங்கள் தெருவில் வாரம் ஒருமுறை நடப்பதுதான், அதனால் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதற்கான விருது 2025 ஆகஸ்ட் 1 அன்று அறிவிக்கப்பட்டது. மலையாள நடிகர் விஜயராகவனோடு சேர்த்து, சிறந்த துணை நடிகர். பட்டியலில் அவர் பெயர் முத்துப்பேட்டை சோமு பாஸ்கர் என்று முழுசாக இருந்ததால் எங்கள் வீட்டில் யாருக்கும் சட்டென்று விளங்கவில்லை. படத்தைக் காட்டியதும்தான் மகள் "அம்மா, நம்ம பட்டாபிம்மா!" என்று கத்தினாள். மாமியார் அதைக் கேட்க இல்லை. அவருடைய கட்டில் இருந்த இடத்தில் இப்போது ஓவர்லாக் மிஷின் இருக்கிறது.

இது ஒருவருக்கு மட்டும் நேர்வதும் இல்லை. 2024 நவம்பரில் டெல்லி கணேஷ் காலமானபோது வந்த அஞ்சலிகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன். 'அபூர்வ சகோதரர்கள்' வில்லனும், அடுத்த ஆண்டே 'மைக்கேல் மதன காமராஜ'னில் வந்த பாலக்காட்டு சமையல்காரரும் ஒரே ஆள்தான் என்று வியந்து எழுதியிருந்தார்கள். நியாயம்தான். ஆனால் 1981-இல் வந்த '47 நாட்கள்' படத்தில் சிரஞ்சீவிக்குக் குரல் கொடுத்தவர் அவர்தான் என்பதை நான் சேர்த்ததில் எதிலும் காணோம். அவர் நடித்த தொடர்களுக்குக் கிடைத்தது ஒரு வரி. ஒரு நடிகர் தன் வாழ்நாளில் பாதியை எங்கே உழைத்தாரோ அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மீதியை மட்டும் வாழ்க்கை வரலாறு என்று கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

எங்கள் ஊரில் கருவடிக்குப்பத்தில்தான் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி இருக்கிறது. 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் காலமானார். ஒவ்வொரு ஆண்டும் அந்த நாளில் நாடகக் கலைஞர்கள் அங்கே கூடுவார்கள். சுவாமிகளே எமனாகவும் சனீஸ்வரனாகவும் மேடையேறியவர். அவர் பெயரில் புதுச்சேரி அரசு சிறந்த தமிழ்ப் படத்துக்கு விருது கொடுக்கிறது, மிகவும் சந்தோஷம். அதே பெயரில் ஒரு குணச்சித்திர நடிகருக்கும் ஆண்டுதோறும் கொடுக்கலாமே. மேடை, டப்பிங், தொடர், சினிமா நான்கையும் ஒன்றாக எடுத்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும். இதைத் தாங்கள் ஒரு தலையங்கமாக எழுதினால் அரசின் காதில் விழும்; என் ஒருத்தியின் கடிதம் விழாது.

இன்னொரு வேண்டுகோள் தங்களுக்கே. பழைய தொடர்கள் பலவற்றை இப்போது தேடினாலும் கிடைப்பதில்லை. அவற்றில் நடித்தவர்கள் இருக்கும்போதே போய்க் கேட்டு, எந்தத் தொடரில் என்ன வேஷம், யாருக்கு டப்பிங் பேசினார்கள் என்று வாரம் ஒருவராக எழுதுங்கள். பாஸ்கரிடமிருந்தே தொடங்கலாம். பட்டாபியின் பேச்சை எப்படிப் பிடித்தார் என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள். இத்தனை வருஷம் கேட்டும் எனக்கு அது பிடிபடவில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.