தவறியவர் கையில் விடைத்தாளைக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் நாளில் தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றியும் நூற்றுக்கு நூறு வாங்கியவர்களைப் பற்றியும் பொழுதெல்லாம் பேசுகிறோம். முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017இல் கைவிட்டது நல்ல செயல். மனமுடைந்தோர் பேசுவதற்கு 104, 14416 ஆகிய உதவி எண்களும் இருக்கின்றன. ஆனாலும், 35ஐத் தொட முடியாமல் போன பிள்ளைக்குத் தான் எங்கே தவறினோம் என்பதைக் காட்டித்தருபவர் எவரும் இல்லை என்பதை, முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் வருத்தத்தோடு சொல்கிறேன்.

இரண்டாண்டுகளுக்கு முன் எங்கள் தெருப் பையன் ஒருவன் கணிதத்தில் 29 வாங்கித் தவறினான். நான்கு நாள்கள் வாசற்படி தாண்டவில்லை. "எனக்குக் கணக்கே வராது சார்" என்று முடிவு கட்டிவிட்டான். அவனுடைய அப்பாவிடம் சொல்லி விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்க வைத்தேன். நகல் வந்ததும் எங்கள் வீட்டுத் திண்ணையில் மூவருமாக உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தோம். நேர்மாறு அணி காணும் கணக்கில் முறை முழுவதும் சரியாக இருந்தது; இரண்டு இணைக்காரணிகளின் குறியை மாற்றி எழுதியதால் விடை பிசகியிருந்தது. கலப்பெண்களில் கை நன்றாகவே ஓடியிருந்தது. வகைக்கெழுச் சமன்பாடுகளில் மட்டும் ஒரு வரிகூட எழுதவில்லை. அந்தப் பாடம் நடந்த நாள்களில் அவன் டெங்கு காய்ச்சலில் படுத்திருந்தானாம். கணக்கே வராது என்றவன், எழுந்து போகும்போது வகைக்கெழுவுக்கு எப்போது வரட்டும் என்று கேட்டான்.

அன்றுதான் அவனுடைய அப்பா, பத்தாம் வகுப்பில் தாம் இருமுறை கோட் அடித்ததை மகனிடம் முதன்முதலாகச் சொன்னார். பிள்ளைக்கு நல்லது என்று எண்ணித்தான் அத்தனை காலம் மறைத்திருக்கிறார். அந்த வீட்டில் தான் ஒருவன் மட்டுமே தோற்றவன் என்று பையன் மருகிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியவில்லை. துணைத் தேர்வில் அவன் 51 வாங்கித் தேறினான்.

2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் தரையிறங்கு கலம் நிலவில் மோதியபோது, இஸ்ரோ அறிவியலாளர்கள் கலம் இறங்கிய கடைசி நிமிடங்களின் தரவுகளை அலசி, அதற்கேற்ப அடுத்த கலத்தின் கால்களை வலுவாக்கினார்கள், இறங்கும் பரப்பை விரித்தார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 பத்திரமாக இறங்கியது. அவர்கள் கையில் தரவு இருந்தது. தவறிய மாணவர் கையிலோ மதிப்பெண் பட்டியலின் ஓர் எண்தான் இருக்கிறது.

நகல் பெறும் வசதிதான் இருக்கிறதே என்று கேட்கலாம். நான் பார்த்தவரையில், அதற்கு விண்ணப்பிப்போர் பெரும்பாலும் 95ஐ 97 ஆக்க விரும்புவோரே. தவறிய பிள்ளையின் வீட்டில் அந்தக் கட்டணமும் தண்டச் செலவாகவே தோன்றும். ஆகவே, தேர்ச்சி பெறாத ஒவ்வொருவருக்கும் அந்தந்தப் பாடத்தின் விடைத்தாள் நகலைப் பள்ளிக் கல்வித் துறை கட்டணமின்றித் தரவேண்டும்; துணைத் தேர்வுக்கு முன் பாட ஆசிரியர் ஒருவர் ஒரு மணி நேரமாவது உடன் அமர்ந்து அதைப் பார்க்கவும் ஏற்பாடு செய்யவேண்டும். பணியில் இருக்கும் ஆசிரியர்களின் சுமையை நான் அறிவேன். ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டால் வருவோம். எங்கள் ஊர்ப் பள்ளிக்கு நான் வருகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
திருவண்ணாமலை மாவட்டம்.