எண்கள் வகுப்பறைக்கும் திரும்பி வரட்டும்

மாவட்ட, வட்டாரக் கல்வி அலுவலர்களுக்கு,

வணக்கம். தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இதை எழுதுகிறேன். பிள்ளைகளைச் சோதித்து, சரி, தவறு என்று நாங்கள் பதிவேற்றுகிறோம்; அது பள்ளிச் சராசரியாகி, பள்ளிகளை வரிசைப்படுத்தவே பயன்படுகிறது. அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

2022-இல் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் வரச்செய்யத் தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது, முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரித்து, அவரவர் நிலைக்கேற்பக் கற்பிக்கச் சொன்னார்கள். அளந்து பார்ப்பதே அடுத்து எதைச் சொல்லித்தர வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் என்பதால் எனக்கு அது பிடித்திருந்தது. நாடு முழுக்கப் பிள்ளைகளின் கற்றல் நிலையைப் பார்க்கும் ஏசர் (ASER) ஆய்வும் 2005-லிருந்து பிள்ளையை உட்காரவைத்து எழுத்து, சொல், பத்தி, கதை எனப் படிக்கச் சொல்லித்தான் அளக்கிறது. பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பது அதில் தெரியும்.

பள்ளிச் சராசரியில் இது தெரியாது. 53-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொல்கிறோம். ஒரு பிள்ளை 44 என்று எழுதுகிறது: மூன்றிலிருந்து ஏழு போகாதென்று ஏழிலிருந்து மூன்றைக் கழித்திருக்கிறது. இன்னொன்று 46: கடன் வாங்கத் தெரிகிறது, ஐந்தை நான்காக்க மறந்துவிட்டது. வேறொன்று 70: குறியைப் பார்க்காமல் கூட்டிவிட்டது. மூன்றுக்கும் பூஜ்ஜியம்தான். முதல் பிள்ளைக்குப் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளோடு இரண்டு நாள் வேண்டும். மூன்றாவது பிள்ளைக்குக் குறியை விரலால் காட்டினால் போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எட்டுப் பிள்ளைகள் படிக்கும் வகுப்பில் ஒரு பிள்ளை என்பது 12.5 விழுக்காடு. நன்றாகப் படிக்கும் ஒரு பிள்ளை காய்ச்சலில் படுத்தாலே சராசரி சரியும். அதை வைத்துப் பள்ளிகளை வரிசைப்படுத்தி, கடைசியில் வந்தவரிடம் விளக்கம் கேட்பது நியாயமில்லை. கேட்டால், அடுத்த முறை விடையைச் சொல்லிக்கொடுக்கத்தான் தோன்றும். அப்படிச் சேர்ந்த எண் யாருக்கும் உதவாது.

உங்கள் கையில் இருக்கும் பெரிய எண்ணிக்கைக்கு வேறு பயன் உண்டு. வட்டாரம் முழுக்கப் பிள்ளைகள் 44 என்றே எழுதினால், இடமதிப்பை நாங்கள் நடத்தும் முறையில்தான் கோளாறு. அடுத்த பயிற்சி அதைப் பற்றியதாக இருக்கட்டும். இதற்குச் சரி, தவறு என்று மட்டும் பதிவேற்றச் சொல்லாமல், ஓரிரு கேள்விகளுக்காவது பிள்ளை எழுதிய விடையையே வாங்குங்கள். அதைக் கேள்விவாரியாகத் தொகுத்து ஒரு வாரத்துக்குள் எங்களுக்குத் திருப்பி அனுப்புங்கள். அதற்கு ஈடாக வேறு ஏதாவது ஒரு பதிவேட்டைக் குறைத்துவிடுங்கள்.

அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் அடுத்த குறுவளமையக் கூட்டத்திலேயே தொடங்கலாம். சராசரிப் பட்டியலை ஒதுக்கிவைத்து, ஒரே ஒரு கேள்விக்கான விடைத்தாள்களைப் பரப்பி உட்கார்ந்து பேச எங்களுக்கு ஒரு மணி நேரம் தாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை