அப்பாக்களையும் கூப்பிடுங்கள்

குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலர்களுக்கு,

வணக்கம். நான்கு வயது மகளை அங்கன்வாடிக்கு அனுப்பும் அப்பா நான். போன செப்டம்பரில் ஊட்டச்சத்து மாதக் கூட்டம் நடந்தபோது மனைவிக்குக் காய்ச்சல். அதனால் நான் போனேன். பார்த்ததுமே டீச்சர், "அம்மா வரலையா சார்?" என்றார். சுவரில் ஒட்டியிருந்த படங்களிலும் அம்மாவும் குழந்தையும்தான். அத்தனை பெண்களுக்கு நடுவே ஓரமாக உட்கார்ந்து, முருங்கைக்கீரையைப் பற்றியும் சத்துமாவை உருண்டை பிடிப்பதைப் பற்றியும் கேட்டுக்கொண்டேன். எல்லாம் நல்ல விஷயம். ஆனால் இதையெல்லாம் வீட்டில் கெடுப்பது யார் என்று மட்டும் யாரும் பேசவில்லை. கெடுக்கிற ஆள் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் வீட்டில் பாகற்காய் வைத்தால், அதை விரல் நுனியால் தள்ளித் தள்ளித் தட்டின் ஓரத்தில் குவித்துவிட்டு, விரலைத் தட்டின் விளிம்பில் ஒரு தரம் துடைப்பேன். இது என் பழக்கம் என்றே எனக்குத் தெரியாது. ஒருநாள் மகள் அவரைக்காயை அதே மாதிரி ஓரங்கட்டி, அதே மாதிரி விரலைத் துடைத்தாள். மனைவி என்னைத்தான் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

இது எனக்கும் என் அப்பாவிடமிருந்து வந்ததுதான். முதலில் அவருக்குத்தான் இலை போடுவார்கள். மீனில் நடுத்துண்டு அவருக்குத்தான். அவருக்குக் கீரை ஆகாது. அதனால் எங்கள் வீட்டில் கீரையே வாங்கியதில்லை. சமைத்தது அம்மா. என்ன சமைப்பது என்பது மட்டும் அப்பாவின் நாக்கைப் பொறுத்தது. இன்றைக்கும் பல வீடுகளில் இதுதான் நிலைமை. அம்மாவிடம் மட்டும் கீரையைப் பற்றிப் பாடம் நடத்தி என்ன பயன்?

அப்புறம் அந்தப் பக்கோடா பொட்டலம். வேலை முடிந்து எட்டு மணிக்கு வரும்போது வெறுங்கையோடு வர மனசு வராது. வண்டிச் சத்தம் கேட்டதும் மகள் வாசலுக்கு ஓடி வந்து பையைத்தான் முதலில் தடவுவாள். பாதிப் பொட்டலம் உள்ளே போனபிறகு சோறு எங்கே இறங்கும்? "பிள்ளை சாப்பிடவே மாட்டேங்குது" என்று அடுத்த மாதம் டீச்சரிடம் திட்டு வாங்குவது மட்டும் அவள் அம்மா.

கூட்டத்துக்குப் போய்வந்தபிறகு நானும் அவரைக்காயை மென்று விழுங்க ஆரம்பித்தேன். அவளை வற்புறுத்தவில்லை. ஒரு புது உணவு குழந்தைக்குப் பழக 8 முதல் 15 தடவைகூட ஆகலாம் என்கிறார்கள். நான் எண்ணவில்லை, ஆனால் ஒரு மாதத்துக்குமேல் ஆனது. ஒரு நாள் என் தட்டிலிருந்து ஒரு துண்டை அவளே எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அவள் தட்டிலும் அதேதான் இருந்தது! பாகற்காய் இன்னும் என்னாலேயே முடியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அங்கன்வாடிகளை நடத்தும் உங்கள் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் 33 வட்டாரங்களில் தொடங்கியது. வாரம் மூன்று முட்டை, கலவை சாதம், மாதம் ஒருமுறை எடை என்று பிள்ளைகளுக்கு நிறையவே செய்கிறீர்கள். நான் கேட்பது செலவில்லாத காரியம். கூட்டத்தை வாரநாளில் காலை பதினோரு மணிக்கு வைத்தால், கூலி வேலைக்குப் போகிற அப்பா ஒரு நாள் சம்பளத்தை விட்டுத்தான் வரவேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு வைத்துப் பாருங்கள். டீச்சருக்கும் ஆயாவுக்கும் அதற்கு ஈடாக வேறு நாள் விடுப்பு கொடுத்துவிடுங்கள், அவர்கள் தலையில் கட்டவேண்டாம். எடை பார்க்கும்போது வளர்ச்சி அட்டையை அப்பா கையில் கொடுத்து, கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த தடவை சுவரொட்டி அடிக்கும்போது ஒரு மீசைக்காரரையும் உட்காரவைத்து, கையில் கீரைக்கட்டு ஒன்றைக் கொடுத்து வரையச் சொல்லுங்கள்.

எங்கள் மையத்தில் கூட்டம் வைத்தால் தெருவிலிருந்து நான்கு அப்பாக்களைக் கூட்டிவருவது என் பொறுப்பு. பக்கோடா வாங்கிவர மாட்டோம்.

இப்படிக்கு,
ஒரு நான்கு வயதுக்காரியின் அப்பா