உப்புக் கோட்டைக்கு ஒரு நன்றி மடல்

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் எங்களுக்கு உதவியவர்களுக்கு,

புறப்படும் காலையில் விருந்தினர் பதிவேட்டை நீட்டி, "உங்கள் மொழியிலேயே எழுதுங்கள்" என்றார், லின்சர்காஸே தெருவை ஒட்டிய அந்தச் சிறிய விடுதியின் வரவேற்பு மேசை அம்மையார். இருந்ததோ நான்கு விரற்கடை இடம். வாசலில் டாக்ஸி வேறு காத்திருந்தது. "நன்றி" என்று மட்டும் எழுதிக் கையெழுத்திட்டேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

அம்மையாரே, முதல் நன்றி உங்களுக்குத்தான். மூன்று நாளில் பார்த்துவிட வேண்டும் என்று நான் கொண்டுவந்த பட்டியலில் இருபத்தோரு இடங்கள் இருந்தன. உடன் வந்தவரோ எழுபத்திரண்டு வயதான என் அம்மா. இரண்டு முழங்காலிலும் வலி. பட்டியலைப் படித்துவிட்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தீர்கள். முதல் வேலையாக ஹால்ஸ்டாட் என்ற ஏரிக்கரை ஊரை அடித்தீர்கள். "போய் வர முழு நாள் ஆகும். அது இன்னொரு பயணம்." எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு ஒரு தாளில் சால்சாக் ஆற்றை ஒரே கோடாக வளைத்து, இரு கரையிலும் தெருக்களை இழுத்து, இடையிடையே பெருக்கல் குறிகள் போட்டீர்கள். பார்க்க வேண்டிய இடங்கள் என்று நினைத்தேன். உட்காரப் பெஞ்சு கிடைக்கும் இடங்களாம்! அந்தத் தாளைவிட உபயோகமான வழிகாட்டி எங்களுக்கு வாய்க்கவில்லை.

சால்ஸ்பர்க் கார்டை 48 மணி நேரத்துக்கு வாங்கச் சொன்னவரும் நீங்களே. நகரப் பேருந்து, அருங்காட்சியகங்கள், கோட்டைக்கு ஏறும் இழுவை ரயில் எல்லாம் அதில் அடக்கம். 1077-இல் கட்டத் தொடங்கிய ஹோஹென்சால்ஸ்பர்க் கோட்டைக்கு 1892 முதல் ஓடும் அந்த ரயில் இல்லையென்றால், அம்மா கீழே நின்றே ஒரு கும்பிடு போட்டுத் திரும்பியிருப்பார். மேலே இறங்கிய பிறகும் கல் பாவிய ஏற்றம் இருக்கிறது. அங்கே தாமாகவே வந்து கைகொடுத்த கோட்டை ஊழியருக்கு நன்றி.

கெட்ரைடெகாஸே 9-ஆம் எண் மஞ்சள் வீட்டில், 1756-இல் இசைமேதை மோட்சார்ட் பிறந்த இடத்தில், படியேறும்போது எங்களுக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடமே நின்றது. அம்மா ஒவ்வொரு படியிலும் இரு காலையும் ஊன்றித்தான் ஏறுவார். பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தி, உதட்டில் விரல் வைத்துக் காத்திருந்த ஆசிரியைக்கு நன்றி. சிறுவயதில் மோட்சார்ட் வாசித்த வயலினைக் கண்ணாடிக்குள் பார்த்த அம்மா, "இந்த வயதில் உனக்கு நான் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன்" என்றார். அதற்கு யாருக்கும் நன்றி சொல்வதற்கில்லை.

மிராபெல் தோட்டத்துக்கு டிக்கெட் கிடையாது, பெஞ்சுகளும் ஏராளம். காலையில் சீக்கிரம் போனால் போதும், வேறு யோசனை சொல்லத் தேவையில்லை.

புனித பேதுரு மடத்தின் ரொட்டிக்கடைதான் அம்மாவை அந்த ஊரோடு சேர்த்துவைத்தது. கல்லறைத் தோட்டத்தின் பக்கத்தில், வாசலிலேயே தண்ணீர்ச் சக்கரம் சுழல்கிறது. உள்ளே விறகடுப்பு. முட்டை கலந்திருக்குமோ என்று அம்மா ரொட்டியைத் தொடவே தயங்கினார். கடைக்காரர் மாவு படிந்த கையை நீட்டி, "மாவு, தண்ணீர், உப்பு" என்று மூன்று விரல்களை மடக்கிக் காட்டினார். அன்று இரவு அந்தப் புளித்த மாவு ரொட்டியும் எங்கள் எலுமிச்சை ஊறுகாயும்தான் உணவு. ஊரின் பெயரிலேயே உப்பு இருக்கிறது. ஹாலைன் சுரங்கத்து உப்பை ஆற்றில் ஏற்றி விற்ற பணத்தில்தான் அன்று ஊரை ஆண்ட பேராயர்கள் இத்தனை மாளிகைகளை எழுப்பினார்கள் என்று சொன்னேன். "உப்பிட்டவரை உள்ளளவும் நினை. அந்த மனிதருக்கு ஒரு வரி எழுது" என்றார் அம்மா. ஐயா, எழுதிவிட்டேன்.

ஹெல்ப்ருன் மாளிகை வழிகாட்டிக்கு நான் பட்டிருப்பது நன்றியா வஞ்சமா என்று இன்னும் தெரியவில்லை. பேராயர் மார்குஸ் சிட்டிகுஸ் விருந்தாளிகளை நனைத்து வேடிக்கை பார்க்கவே அமைத்த நீர்விளையாட்டு அது. கல்மேசையைச் சுற்றியுள்ள முக்காலிகளில் திடீரென்று தண்ணீர் பீறிடும். பேராயரின் இருக்கை மட்டும் நனையாது. நீங்கள் அம்மாவை ஓரமாக, காய்ந்த தரையில் நிற்கவைத்துவிட்டு, என்னை மட்டும் முக்காலிக்கு அழைத்தீர்கள். அம்மா அப்படிச் சிரித்துப் பார்த்துப் பல வருடங்கள் ஆகின்றன. சரி, நன்றிதான்.

மூன்றாம் நாள் மோன்க்ஸ்பெர்க் பாறையடியில் நின்றோம். மேலே கயிற்றில் தொங்கியபடி சிலர் பாறையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாயம் பூசுகிறார்களோ என்று கேட்டேன். 1669-இல் இந்தப் பாறை சரிந்து 200-க்கும் மேற்பட்டோர் இறந்ததையும், தளர்ந்த கற்களை அகற்ற நகரம் இன்றும் 'மலை துடைப்போர்' என்று தனியாக ஆட்களை வைத்திருப்பதையும் நின்று நிதானமாகச் சொன்ன, சைக்கிளில் வந்த பெரியவருக்கு நன்றி. என் பட்டியலில் இல்லாத இடம் அது. கழுத்து வலிக்கும்வரை பார்த்தோம்.

அம்மையாரே, இன்னும் ஒன்று. அந்த மழைக்கு உங்கள் ஊரில் 'நூல் மழை' என்று பெயர் சொல்லி, ஒரு கம்பி வளைந்த கறுப்புக் குடையைக் கொடுத்தீர்கள் அல்லவா? அவசரத்தில் அது எங்கள் பெட்டியோடு வந்துவிட்டது. கம்பியைச் சரிசெய்துவிட்டேன். தபாலில் அனுப்ப நீளம் அதிகம் என்கிறார்கள். நேரில்தான் கொண்டுவர வேண்டும் போலிருக்கிறது. ஹால்ஸ்டாட்டும் பாக்கி இருக்கிறது.

நன்றியுடன்,
மே மாதம் உங்கள் விடுதியில் தங்கிய தாயும் மகனும்